ஒரு மீளழைப்பும் சிரித்துக்கொண்டு போன இருவரும்

ஜெர்மனியில் எசன் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாகனப் பணிமனைகளின் முன்மேசைகளில் இப்போது நம்முடைய பிள்ளைகள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அப்படியொரு நாற்காலியில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் உங்களில் ஒருவர் என்னிடம், “புதுசா வாறவைக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன் அக்கா, உங்கடை அனுபவத்தை” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். எதை எழுதுவது என்று தீர்மானிக்கத்தான் நான்கு வாரங்கள் ஆயின. எழுதத் தகுந்தது எது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். மீதி நாட்கள் அதைத் தவிர்க்க வழி தேடியதில் போயின.

கியர்பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் சொல்லும். முன்மேசையில் இருப்பவர் கையில் எண்ணெய் படுவதில்லை. வாகனம் என்ன சொல்கிறது என்பதை அதை ஓட்டுபவருக்கு எடுத்துச் சொல்வதே அவருடைய வேலை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன். என்னுடைய பிழையும் அந்தக் கெட்டித்தனத்தில்தான் முளைத்தது.

நான் அந்தப் பணிமனையில் சேர்ந்தபோது பின்னறையில் கோப்புகளை அடுக்குபவளாகத்தான் இருந்தேன். ஒரு நாள் முன்மேசையில் ஒரு முதியவர் சத்தமிட்டுக்கொண்டிருந்தார். தன்னுடைய வாகனத்தைத் தேவையில்லாமல் இரண்டு தரம் கழற்றிப் பூட்டிவிட்டார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. மேசையில் இருந்த இளைஞன் அவருக்கு விதிகளைச் சொல்லச் சொல்ல அவருடைய குரல் உயர்ந்துகொண்டே போனது. நான் கோப்பொன்றை எடுக்க வந்தவள், அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, எவ்வளவு காலமாக அந்த வாகனத்தை வைத்திருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். அவர் அரை மணி நேரம் கதைத்தார். போகும்போது என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அடுத்த வாரமே பொறுப்பாளர் என்னை முன்மேசையில் அமர்த்திவிட்டார்.

அன்றிலிருந்து என் வேலைக்கு நானே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். வந்தவர் எந்த முகத்தோடு வந்தாலும் சிரித்த முகத்தோடு திரும்பிப் போகவேண்டும். அது தவறான அளவுகோல் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

ஒரு வாகனத்தை விற்ற பிறகு அதில் ஆபத்தான குறை இருப்பதைக் கண்டறியும் உற்பத்தியாளர், அந்த வகை வாகனங்கள் அனைத்தையும் திருத்தத்துக்காகத் திரும்ப அழைப்பதை மீளழைப்பு என்கிறோம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், ஓர் இலையுதிர் காலத்தில், நாங்கள் விற்றுவந்த பிக்கப் வண்டி ஒன்றுக்கு அப்படியோர் அழைப்பு வந்தது. ஓட்டோமற்றிக் கியர் கொண்ட வண்டி அது. ஓட்டுநர் பிடிக்கும் கியர்த் தண்டையும் கீழே உள்ள கியர்பெட்டியையும் ஒரு கம்பி இணைக்கிறது. அந்தக் கம்பியின் நுனியிலிருந்த பிளாஸ்டிக் வளையம் வெப்பத்தில் நொறுங்கக்கூடியதாக இருந்தது. நொறுங்கினால் ஓட்டுநர் தண்டை நிறுத்த நிலைக்குத் தள்ளுவார், கண் முன்னே ‘பி’ என்ற எழுத்து ஒளிரும், கியர்பெட்டிக்குள்ளோ பூட்டு விழுந்திருக்காது. சமதரையில் வண்டி நிற்கும். சரிவில் நிற்காது.

புதிய வளையங்கள் வந்துசேர ஆறு வாரங்களாவது ஆகும் என்றார்கள். அதுவரை வண்டியை ஓட்டலாம். ஆனால் ஹாண்ட் பிரேக்கை முழுதாக இழுக்காமல் எவரும் அதைவிட்டு இறங்கக்கூடாது. உரிமையாளர் ஒவ்வொருவரையும் நேரில் அழைத்து இதைச் சொல்லி, சொன்னதற்கு அடையாளமாக எச்சரிக்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது எங்களுக்கு வந்த கட்டளை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுவதும் அதையே செய்தேன். ஜெர்மன்காரர்களுக்கு நான் படிவத்தில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். வண்டி உருளும், ஆள் நசுங்கலாம், உயிர் போகலாம். கூரை வேலை செய்யும் ஒருவர் மேசையில் கையை ஓங்கிக் குத்தினார்.

“அப்படியென்றால் நான் என்ன செய்யவேண்டும்? சக்கரத்துக்குக் கீழே நானே படுத்துக்கொள்ளவா?”

“ஹாண்ட் பிரேக்கை இழுத்தால் போதும்.”

“இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவன் நான். நீங்கள் எனக்கு ஹாண்ட் பிரேக் சொல்லித் தருகிறீர்கள்!”

படிவத்தில் தாள் கிழியும்படி கையெழுத்திட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து நான் அவருடைய வண்டியைத் தெருவில் கண்டேன். பின்சக்கரங்களுக்கு இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தார். அன்று என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள் அனைவரும் பத்திரமாகவே இருந்தார்கள்.

மதியத்துக்குச் சற்று முன் தயாபரனும் அவருடைய மனைவி சுகந்தியும் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பல இடங்களில் கூலிக்கு வேலை செய்து, கடைசியில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் சிறு தொழில் ஒன்றைத் தாங்களே நடத்தியவர்கள். புல் வெட்டுவது, வேலி கத்தரிப்பது, இலையுதிர் காலத்தில் சருகு அள்ளுவது. வேறு ஆள் கிடையாது. அவர் வெட்ட, சுகந்தி அள்ளுவார். பிக்கப்பைப் புதிதாக வாங்கியபோது அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கோவில் வாசலில் தேங்காய் உடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பத்து ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த குடும்பம். அவர்களுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களில் பாதியைத் தயாபரன் என்னிடம்தான் கொண்டுவருவார்.

அவர்களைக் கண்டதும், காலை முழுவதும் திட்டு வாங்கிய எனக்கு, வீட்டு ஆட்கள் வந்ததுபோல இருந்தது.

“அக்கா, இதென்ன கடிதம்? வண்டியைப் பறிக்கப் போறாங்களோ?”

“உங்கடை வண்டியைப் பறிச்சு என்ன செய்யிறது தம்பி? அதிலை இருக்கிற மண்ணைக் கழுவவே ஒரு கிழமை வேணும்.”

“நானும் இவருக்கு இதைத்தான் சொல்லுறனான்,” என்றார் சுகந்தி. “அந்த மண்ணிலை ரண்டு கத்தரிக் கண்டு வைக்கலாம் எண்டு.”

“இவவுக்கு எந்த நேரமும் கறி யோசினைதான்.”

மூவரும் சிரித்தோம். பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். வந்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

“கியர்பெட்டிப் பக்கம் ஒரு சின்னத் திருத்தம். சாமான் இன்னும் வரேல்லை. வந்தவுடனை நானே போன் எடுத்து, வண்டியைக் கொண்டுவர ஒரு டெர்மீன் தாறன்.”

“அதுவரைக்கும் ஓடலாமோ? இப்பதான் அக்கா சருகு விழுற காலம். வண்டி இல்லாட்டி எங்களுக்கு ஏலாது.”

“ஓம், ஓடலாம்.”

“பயப்பிட ஒண்டும் இல்லையே?”

“சீச்சீ. வழமை போலக் கவனமா ஓடுங்கோ. இதிலை ஒரு கையெழுத்து மட்டும் வேணும்.”

அவர் கையெழுத்திட்டார். மகளுக்குப் பல் மருத்துவரிடம் தொழிற்பயிற்சி இடம் கிடைத்ததைச் சொன்னார்கள். நான் மகிழ்ந்தேன். “போட்டு வாறம் அக்கா” என்று இருவரும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அந்தச் ‘சீச்சீ’யைத் தவிர நான் சொன்ன சொற்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. திருத்தம் சிறியதுதான், ஐந்து நிமிட வேலை. ஓடலாம் என்பதும் உண்மை. ஓடுவதைப் பற்றித்தான் அவர் கேட்டார். நிறுத்துவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் மறக்கவில்லை. அந்த வாக்கியம் காலையிலிருந்து என் நாக்கில் இருந்தது. அதைத் தமிழில் எடுக்கும்போது நா தயங்கியது, அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டிய ஒருவருக்கு, மனைவி பக்கத்தில் நிற்க, ஹாண்ட் பிரேக் இழுக்கச் சொல்லிக்கொடுப்பது அவரைக் குறைத்துப் பேசுவதாகத் தோன்றியது. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. நாங்கள் ஒருவரிடம் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்கிறோம். கெட்டதை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள். பொட்டு வைத்த வண்டியைப் பார்த்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, ‘இது ஆளைக் கொல்லும்’ என்று அந்த இருவரிடம் எப்படிச் சொல்வது? ஜெர்மன் மொழியில் அது வெறும் தகவலாக இருந்தது. தமிழில் அது சாபம் போலக் கேட்கும் என்று பயந்தேன். படிவத்தில் இருக்கிறதுதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் காலை பத்து மணியளவில் என் மேசைத் தொலைபேசி ஒலித்தது.

“அக்கா,” என்றார் தயாபரன். அவருக்குப் பின்னால் பலர் ஜெர்மன் மொழியில் பேசுவது கேட்டது. “அக்கா, நான் ஹாண்ட் பிரேக் இழுக்கேல்லை.”

அவருடைய முதல் வார்த்தைகள் இவைதான். நடந்ததைப் பிறகுதான் சொன்னார். நகரின் தெற்கே, ரூர் ஆற்றை நோக்கிச் சரியும் தெரு ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரின் மணியை அடிக்கப் போயிருக்கிறார். சுகந்தி பின்பக்கத்தில் நின்று சருகுப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் உருண்டு, அவரைத் தோட்டத்துக் கல் மதிலோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது. அம்புலன்ஸ் அப்போதுதான் போயிருந்தது. சுகந்தியோடு அவரை ஏற்றவில்லை. தெருவில் நின்றுகொண்டு, அவர் முதலில் அழைத்தது என்னை.

“‘பி’யிலை போட்டனான் அக்கா. அது எனக்கு வடிவா ஞாபகம். ஆனா ஹாண்ட் பிரேக் இழுக்கேல்லை. நான்தான் அவவை...”

“இப்ப அதை யோசிக்காதேங்கோ தம்பி. ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. முதல்லை போங்கோ.”

அந்தக் கணத்தில் சொல்வதற்கு இன்னொரு வாக்கியமும் இருந்தது. பிழை உங்களுடையது இல்லை என்ற வாக்கியம். நான் தொலைபேசியை வைத்தேன். சுகந்தியின் இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றவேண்டியிருந்தது.

எங்கள் பணிமனைப் பொறுப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. செய்தி கேட்டதும் அவருடைய முகம் வெளுத்துப்போனது. பிறகு அவர் செய்ததை அவருடைய இடத்தில் எவரும் செய்திருப்பார்கள். படிவங்கள் இருந்த கோப்பை எடுத்து, தயாபரனின் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நீண்ட மூச்சு விட்டார்.

“கையெழுத்து இருக்கிறது. நீங்கள் அவருக்குச் சொல்லிவிட்டீர்கள்.”

அது கேள்வியாக இருக்கவில்லை. நான் பதில் சொல்லாததை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். இளையவர்களே, நெருக்கடியில் உங்களிடம் பொய் சொல்லும்படி எவரும் கேட்கமாட்டார்கள். உங்களுக்காக ஒரு வாக்கியத்தை அவர்களே முடித்துவைப்பார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் நான்கு நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் என்னைப் பேசவைத்தவர் உதிரிப்பாகப் பிரிவில் இருந்த ஒரு பெண். அவருடைய பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். துருக்கியக் குடும்பமொன்றில் பிறந்து இங்கேயே வளர்ந்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய மேசை என்னுடையதிலிருந்து ஐந்து அடி தூரம். மதிய இடைவேளையில் அவர் என் எதிரே வந்து அமர்ந்தார்.

“நீ அவர்களுக்குச் சொல்லவில்லை,” என்றார்.

“உனக்குத் தமிழ் தெரியாதே.”

“ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எனக்குக் கண் இருக்கிறது. அந்தக் கடிதத்தோடு வந்த பதினான்கு பேரை அன்று நான் பார்த்தேன். ஒருவன் கதவை உடைத்தான், ஒருத்தி அழுதாள், மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். உன் ஆட்கள் இரண்டு பேர் மட்டும் சிரித்துக்கொண்டு போனார்கள். அதைக் கேட்ட எவரும் சிரிக்கமாட்டார்கள்.”

நான் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தேன்.

“என் ஆட்கள் வந்தால் நான் ஜெர்மன் மொழியில்தான் பேசுவேன், தெரியுமா?” என்றார். “துருக்கிய மொழியில் தொடங்கினால் பிறகு சித்தப்பா, பெரியப்பா, கல்யாணம், சுன்னத்து என்று போகும். கெட்ட செய்தியைச் சொல்ல இடமே வராது. என்னை அவர்கள் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.”

“நான் இப்போது என்ன செய்ய?”

“அது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொன்னேன்.” உணவுப்பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். “ஆனால் அந்த ஆள் மனைவியைத் தானே நசுக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அதை மட்டும் யோசி.”

அன்று மாலை வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. என் மேசையிலேயே அமர்ந்து ஒரு பக்கம் எழுதினேன். எச்சரிக்கைப் படிவத்தில் உள்ளதை இந்த வாடிக்கையாளருக்கு நான் சொல்லவில்லை. கையெழுத்தை அதைச் சொல்லாமலே வாங்கினேன். அவர் அதை வாசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தின் சாரம் இந்த மூன்று வாக்கியங்கள்தான். பொறுப்பாளர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“இது உங்களுக்குத் தேவையா? இதை எழுதாவிட்டால் எவரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.”

“அதனால்தான் எழுதினேன்.”

“நான் இதை மேலே அனுப்பித்தான் ஆகவேண்டும். பிறகு என் கையில் எதுவும் இல்லை.”

“ஓம்,” என்றேன், தமிழில். அவர் புரிந்துகொண்டார்.

அதன் பிறகு நடந்தவை வழக்கறிஞர்களின் வேலை. அவற்றை நான் முழுதாக அறியமாட்டேன். என்னை முன்மேசையிலிருந்து எடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை, தொடங்கிய அதே பின்னறையில் கோப்புகளோடு இருந்தேன். அது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். வழக்கு முடியும்வரை அந்தக் குடும்பத்தோடு பேசவேண்டாம் என்று எழுத்தில் தந்தார்கள். அதற்குக் கீழ்ப்படிந்தேன். கட்டளைக்குக் கீழ்ப்படிவது எனக்குச் சுலபமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கவேண்டும். அந்தப் பக்கத்தை எழுதுவதற்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. தயாபரனின் வீட்டுப் படியேற எனக்கு ஏழு மாதங்கள் வேண்டியிருந்தன.

அந்த ஏழு மாதங்களும் அவர் என்ன செய்தார் என்பது வெவ்வேறு வாய்களின் வழியாக என்னிடம் வந்துகொண்டிருந்தது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். தோட்டத் தொழிலைக் கைவிட்டு ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கப் போகிறார். கோவிலில் எவராவது சுகந்தியைப் பற்றி விசாரித்தால், கேட்டவர் முடிப்பதற்கு முன்னரே, “என்ரை பிழைதான், நான்தான் பிரேக் இழுக்கேல்லை” என்பாராம். கேட்டவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்களாம்.

வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கு முடியும்வரை காத்திராமல், அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. மின்தூக்கி இல்லை. செயற்கைக் காலோடு சுகந்தி இந்தப் படிகளை எப்படி ஏறுகிறார் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தேன். கதவைத் திறந்தவர் தயாபரன். மெலிந்திருந்தார். “வாங்கோ அக்கா, வாங்கோ” என்று உள்ளே அழைத்துப்போய், தானே தேநீர் போட்டுக்கொண்டுவந்து வைத்தார். சுகந்தி யன்னலோரம் ஒரு நாற்காலியில் இருந்தார். கால் மேல் போர்வை போட்டிருந்தார்.

நான் நேராகச் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்து வந்திருந்தேன்.

“தம்பி, அண்டைக்கு நான் உங்களுக்கு அந்த விசயத்தைச் சொல்லேல்லை. ஹாண்ட் பிரேக் கட்டாயம் இழுக்கவேணும் எண்டு அதிலை இருந்தது. நான் சொல்லாமல் கையெழுத்து வாங்கினனான்.”

“இல்லை அக்கா,” என்றார் அவர், மிக மென்மையாக. “நீங்கள் சொன்னனீங்கள். நான்தான் மறந்திட்டன்.”

“நான் சொல்லேல்லை.”

“சொன்னனீங்கள். எனக்கு இப்பவும் உங்கடை குரல் கேக்குது. ‘பிரேக் இழுங்கோ தம்பி’ எண்டு சொன்னனீங்கள். பேப்பரிலையும் இருக்குது. வக்கீல் காட்டினவர். என்ரை கையெழுத்து.”

வழக்கறிஞர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்த ஒரு சொல் அவருடைய நினைவுக்குள் புகுந்து, நான் சொல்லாத வாக்கியத்தை என் குரலிலேயே அவருக்குக் கேட்கவைத்திருந்தது. அந்தப் படிவத்தை மறுத்து நான் எழுதிய பக்கத்தை எவரும் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கவில்லை. நான் அங்கே போயிருந்தால் காட்டியிருப்பேன். ஏழு மாதங்கள்.

“அவ சொல்லேல்லை,” என்றார் சுகந்தி யன்னலோரத்திலிருந்து.

அவர் அதுவரை பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

“நான் பக்கத்திலைதான் இருந்தனான். எத்தினை தரம் இவருக்குச் சொல்லியிருக்கிறன், அக்கா அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை எண்டு. நம்பமாட்டாராம். பேப்பரிலை இருக்காம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் கண்ணாடி எடுக்கப் பையைத் திறந்தனான், ஞாபகம் இருக்கோ? அந்தப் பேப்பரை வாசிப்பம் எண்டு. எனக்கு ஜெர்மன் வாசிக்க ஏலும் அக்கா. முதியோர் இல்லத்திலை ஆறு வருசம் வேலை செய்தனான். நீங்கள்தான், கண்ணாடி எல்லாம் தேவையில்லைப் பிள்ளை, சும்மா ஒரு கையெழுத்துத்தான் எண்டு சொன்னனீங்கள்.”

எனக்கு அது ஞாபகம் இருக்கவில்லை. இந்த ஏழு மாதங்களில் அந்தக் காலைப்பொழுதை நூறு தரம் மனத்தில் ஓட்டிப் பார்த்தவள் நான். கத்தரிக் கன்று ஞாபகம் இருந்தது. மகளின் தொழிற்பயிற்சி ஞாபகம் இருந்தது. பையைத் திறந்த அந்தக் கையை மட்டும் என் மனம் எடுத்து எங்கோ வைத்துவிட்டிருந்தது. அவர் சொன்னதும் அது வந்தது, பையின் இழுவைப் பூட்டுச் சத்தம் உட்பட.

“ஓம்,” என்றேன். “சொன்னனான்.”

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். சுகந்தி கையைத் தூக்கி நிறுத்தினார்.

“மன்னிப்பை விடுங்கோ. அதைக் கேட்டு நான் என்ன செய்யிறது. அண்டைக்கு என்ன சொல்லியிருக்கவேணுமோ, அதை இப்ப சொல்லுங்கோ. இவருக்கு.”

“இப்பவோ?”

“இப்ப. தமிழிலை. மற்ற ஆக்களுக்குச் சொன்ன மாதிரி.”

தயாபரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நேரே திரும்பி அமர்ந்தேன்.

“தம்பி, இந்த வண்டியிலை ஒரு பிழை இருக்குது. ‘பி’யிலை போட்டாலும் அது நிக்காது, உருளும். ஹாண்ட் பிரேக்கை முழுசா இழுக்காமல் இறங்காதேங்கோ. பின்னாலை ஆள் நிண்டால் நசிச்சுப் போடும். ஆள் செத்துப் போகும்.”

சாபம் எதுவும் கேட்கவில்லை. நான்கைந்து வாக்கியங்கள், ஒரு மூச்சில் சொல்லக்கூடியவை.

“இவ்வளவுதானோ அக்கா?” என்றார் சுகந்தி.

“இவ்வளவுதான்.”

தயாபரன் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். உண்மையிலேயே விடை தெரியாத ஒருவர் கேட்பதுபோலக் கேட்டார்.

“இப்பிடிச் சொல்லியிருந்தா நான் இழுத்திருப்பனோ?”

“இழுத்திருப்பியள்,” என்றார் சுகந்தி. “நீங்கள் அடுப்பை அணைச்சனானோ எண்டு மூண்டு தரம் திரும்பி வந்து பாக்கிற மனுசன். கட்டாயம் இழுத்திருப்பியள்.”